மழைக்காட்டிற் பறவை காணுதல்

பறவை காணுதல் கண்ணின் தொழில் என்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கிறோம். முடிச்சூரில் வாழும் எனக்கும் நெடுநாள் அவ்வெண்ணமே இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தால் நாடறிந்த எங்கள் ஊர் நீர்நிலைகளால் சூழப்பட்டது. ஏரிக்கரையில் நின்று நோக்கினால் நாமக்கோழியும், முக்குளிப்பானும், நெட்டைக்கால் உள்ளானும் மறைவேதுமின்றித் தம்மைத் தாமே காட்டிக்கொண்டிருக்கும். நல்ல கண்ணும், ஒரு பைனாகுலரும், பட்டம் பார்த்துப் பெயரறியப் படங்களுள்ள ஒரு நூலும் இருந்தால், எவனும் ஒரு திங்களுக்குள் பண்டிதனாகி விடலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெற்றுவரும் பொங்கற் பறவைகள் கணக்கெடுப்பில் நானும் ஏரிக்கரைப் பறவைகளை எண்ணி எழுதியவன். அவ்வளவு பாண்டித்தியத்தோடுதான், நம் மாணவர் எண்மரை அழைத்துக்கொண்டு, ஒரு பிப்பிரவரித் திங்களில் ஆனைமலைக்குச் சென்றேன். அங்கே கற்றதை, இனிச் செல்ல எண்ணும் மாணவர்க்குப் பயன்படுமென்று ஈண்டு எழுதுகிறேன்.

முதற்கண், மழைக்காடு என்பது யாது என்று தெளிதல் வேண்டும். மழை பெய்யுங் காடெல்லாம் மழைக்காடு அன்று. ஆண்டு முழுதும் வெப்பம் குறையாமலும், ஏறத்தாழ 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெற்றும், மரங்கள் ஒருசேர இலையுதிர்க்காமலும் இருக்குங் காட்டையே அவ்வாறு வழங்குவர். சென்னைப் பகுதியில் ஓராண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனைமலையின் வால்பாறை மேட்டிலோ அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட மழை, பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றால், மாதக்கணக்காய்ப் பெய்கிறது.

நம் தாம்பரத்திலும் ஒரு காடு உண்டு. 1937இல் நம் கல்லூரி நகரத்தை விட்டு இங்குக் குடிபெயர்ந்தபோது இவ்விடம் முட்புதர் நிறைந்த காட்டுநிலமாயிருந்தது. வேதியியற் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் தாவரங்களிற் கொண்ட ஈடுபாட்டால் இவ்வளாகத்திற்கு நிழலும் பசுமையும் வாய்த்தன. பிற்காலத்தில் புள்ளியியற் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கோலங்களையும் பழைய எழுத்துக்களையும் ஆராய்ந்ததுடன், தாம்பரம் வட்டாரத்துப் பறவைகளையும் ஆராய்ந்தார். களாவும் காரையும் சூரையும் படர்ந்த இப்புதர்க்காடும் இலையுதிராக் காட்டின் ஓர் இனமே. ஆனால் உலர்நிலத்து இனம். இங்கு மரத்தின் உச்சி நம் தலைக்கு மேல் இருபது அடியிற் காணும். மழைக்காட்டிலோ அது நூறு அடிக்கு மேல். இந்த எண்பது அடி வேறுபாட்டிலேதான் என் பாண்டித்தியம் வீழ்ந்தது.

கோயம்புத்தூர் சென்று, பொள்ளாச்சி வழியாகச் சேத்துமடையை அடைந்து, அங்கிருந்து மலையேறினால் டாப்சிலிப் என்னும் வனக்குடியிருப்பு வரும். மேலிருந்து மரங்களைச் சரிவிற் சறுக்கவிட்டுக் கீழே சேர்த்த காலத்துப் பெயர் அது. வெட்டியழிக்கப்பட்ட தேக்குக் காட்டை மீளப் பயிராக்கிய ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி 1933இல் காலஞ்சென்றார். அவர் சமாதியும் அம்மலையிலேயே உள்ளது. அவர் புகழ் பெரிது, அதிற் குறையொன்றுமில்லை. ஆயினும் மாணவர் ஒன்றை நோக்குதல் வேண்டும். பிப்பிரவரியில் அத்தேக்குத் தோட்டத்தினூடே நடந்தபோது, இலைகள் உதிர்ந்து தரையிற் சலசலக்க, வெயில் நேரே தலையில் விழுந்தது. அரைமணி நேரத்தில் நாங்கள் கேட்டவை ஒரு மரங்கொத்தியின் தட்டலும் சில கிளிகளின் கூச்சலுமே. மரங்கள் வரிசை வரிசையாய் நின்றன. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இனம். நட்டு வளர்த்த தோட்டத்தையும் தானே வளர்ந்த காட்டையும் நம் மக்கள் ஒரே சொல்லால் காடு என்று அழைப்பது எவ்வளவு பெரும் மயக்கம் என்பது, அதனையடுத்த கரியன்சோலைக்குள் கால்வைத்தவுடன் விளங்கியது.

கரியன்சோலை ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மழைக்காடு. வாயிலில் நின்றதுபோல் ஒரு கோட்டில் வெயில் முடிந்து இருள் தொடங்கியது. காற்று குளிர்ந்து ஈரமாயிற்று. மரங்கள் அடிப்பாகத்திற் பலகை போல் விரிந்த வேர்களோடு தூண்களாய் எழுந்து, மேலே கூரையாய் இணைந்திருந்தன. அக்கூரைக்கும் மேலே சில தனிமரங்கள் தலைநீட்டும். கீழே இளமரங்களும், அவற்றின் கீழே புதரும் பிரம்பும், அடியில் மக்கிய சருகும். இங்ஙனம் அடுக்கடுக்காய் அமைந்த காட்டில் ஒவ்வோரடுக்குக்கும் உரிய பறவைகள் வெவ்வேறு. நாம் நிற்பதோ அடித்தளத்தில். பல மாடிகள் கொண்ட ஒரு வீட்டின் நிலவறையில் நின்றுகொண்டு மாடியிலுள்ளோரைக் காண முயல்வதை ஒத்தது எங்கள் நிலை.

முதல் ஒரு மணி நேரத்தில் நான் கண்ட பறவை ஒன்றுமில்லை. கழுத்து வலித்ததே கண்ட பலன்.

எங்களுக்கு வழிகாட்டியவர் காடர் குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். காடர் ஆனைமலையிலும் அதனையடுத்த கேரளக் காடுகளிலும் தொன்றுதொட்டு வாழ்பவர்; தேனும், குங்கிலியமும், கிழங்கும் எடுத்து வாழ்ந்த மக்கள். பெரியவரிடம் பைனாகுலர் இல்லை, புத்தகம் இல்லை. என் கையில் இரண்டும் இருந்தன. ஒரு மணி நேரம் என்னை என் போக்கில் விட்டுவிட்டுப் பின்னே வந்துகொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து, "சார், மேலே பார்த்தது போதும், கொஞ்சம் சும்மா நில்லுங்கள்," என்றார்.

நின்றோம். அவர் சொன்னபடி கண்ணையும் மூடிக்கொண்டோம். ஐந்து நிமிடத்திற்குள், வெறுமையென நான் எண்ணியிருந்த காடு நிறைந்துவிட்டது. உச்சியில் குக்குறுவான் ஓயாது 'குட்ரூ, குட்ரூ' என்றது; அதற்கு மறுமொழியாய்த் தொலைவில் மற்றொன்று. பள்ளத்தில் ஓடையோரம் யாரோ ஒரு சிறுவன் பாட்டு மறந்து மறந்து சீழ்க்கையடிப்பது போன்ற ஓசை எழுந்தது. அது சீகாரப் பூங்குருவி. "இது தண்ணீர்ப் பக்கம்தான் பாடும். வழி தப்பினால் இதைக் கேட்டு ஓடைக்கு இறங்கலாம்," என்றார் பெரியவர். என் நூலில் அப்பறவைக்கு அரைப்பக்க வருணனை உண்டு. அதனை நான் மனனமும் செய்திருந்தேன். அதன் குரல் மனிதனுக்கு வழிகாட்டும் என்னும் செய்தி அதில் இல்லை.

சிறிது நேரத்தில் பருந்தின் குரல் ஒன்று மிக அண்மையிற் கேட்டது. மாணவர் அனைவரும் மேலே நோக்கினர். பெரியவர் சிரித்தார். கத்தியது துடுப்புவால் கரிச்சான். வாலின் இருபுறமும் நீண்ட கம்பி போன்ற இறகு நுனியிற் சிறு துடுப்புடன் பறக்கும் இக்கரிய பறவை பிற பறவைகளின் குரலை அப்படியே பேசவல்லது. இஃது எங்கே கத்துகிறதோ அங்கே ஒரு பெருங்கூட்டம் வருகிறதென்று பொருள். மழைக்காட்டில் சிறு பறவைகள் பல இனமாய்க் கலந்து இரைதேடிச் செல்லும். மின்சிட்டு உச்சியிலும், பசை எடுப்பான் மரத்தண்டில் தலைகீழாயும், சிலம்பன் புதரிலும் என ஒவ்வொன்றும் தன் தன் அடுக்கில் பூச்சிகளைக் கலைத்துக்கொண்டு முன்னேற, கரிச்சான் கலைந்த பூச்சிகளைப் பிடித்து உண்டு, கழுகு வல்லூறு வரின் எச்சரிக்கை செய்யும். அவை எங்களைக் கடந்துபோக ஏறத்தாழ பத்து நிமிடம் ஆயிற்று. அப்பத்து நிமிடத்தில் 14 இனங்களைக் குறித்தோம். அதன்பின் முக்கால் மணி நேரம் மீண்டும் ஒன்றுமில்லை. மழைக்காட்டில் பறவைகள் எங்கும் சமமாய்ப் பரவியிருப்பதில்லை; ஆற்றுவெள்ளம் போல் வந்து போகும். அது தெரியாதவன் நடந்து நடந்து காட்டைக் கடந்துவிட்டு, இங்கே பறவை இல்லை என்று எழுதிவிடுவான். நானும் அந்த முதல் மணியில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இரண்டாவது பாடம் மரம். பறவையைத் தேடாதே, பழத்தைத் தேடு என்பது பெரியவரின் முறை. அவர் தரையைப் பார்த்தே நடந்தார். ஓரிடத்திற் சருகின்மேல் சிவந்த சிறு பழங்கள் பாதி கடித்துக் கிடந்தன. அண்ணாந்தால், கிளைகளெல்லாம் காய்த்த ஓர் அத்தியின மரம். அதன் உச்சியில் புறாக்களும், குக்குறுவான்களும், ஒரு மலையணிலும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தன. ஆலும் அத்தியும் சேர்ந்த இவ்வினத்து மரங்கள் எல்லாம் ஒரே பருவத்திற் பழுப்பதில்லை. ஒன்று முடிய மற்றொன்று தொடங்கும். ஆதலின் பிற பழங்கள் அரிதான திங்களிலும் காட்டுயிர்களைக் காப்பது இவ்வினமே. வெடிப்பலா மரத்தையும் பெரியவர் காட்டினார். பெயர் பலாவென்றாலும் நாம் உண்பதன்று. முள் நிறைந்த காய் கொண்டது. அதன் பூவையும் விதையையும் விரும்பியுண்ணும் சோலைமந்தி, அதாவது சிங்கவாற் குரங்கு, உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையில் இல்லை. மரம் பார்க்கத் தெரியாதவனுக்குப் பறவை பார்க்கத் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். விலங்கியல் மாணவர் தாவரவியல் வகுப்பை ஏளனம் செய்வது நம்மிடையே பழைய வழக்கம். எங்கள் எண்மரில் ஐவர் விலங்கியலார். அவர்கள் அன்று பெரியவரிடம் மரப்பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது எனக்கு வேடிக்கையாயும் நிறைவாயும் இருந்தது.

ஒரு மெல்லிய கிளையில் இரண்டு காய்ந்த இலைகள் ஒட்டியிருந்ததைக் காட்டி, இவை என்ன என்றார். இலை என்றோம். இலை கண்விழித்தது. தவளைவாயன் என்னும் இரவுப்பறவை, இணையோடு ஒட்டி உட்கார்ந்து பகலெல்லாம் சருகாய்க் கிடந்து உறங்குவது. பத்தடி தூரத்திலிருந்தும் அவர் காட்டாவிடில் கண்டிருக்க மாட்டோம்.

அட்டைகளைப் பற்றி எழுதாவிடில் உடன்வந்த மாணவர் என்னை மன்னியார். பிப்பிரவரி வறண்ட காலமாதலால் அட்டை இராதென்று நான் உறுதியளித்திருந்தேன். ஓடையோரத்து ஈரத்தில் அவை எங்களுக்காகக் காத்திருந்தன. காலுறையின் மேல் புகையிலைத் தூளும் உப்பும் தடவிக்கொள்வது அவ்வூரார் முறை. கடித்தபின் பிய்த்தெறியாமல், நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தல் நன்று. இரத்தம் சிறிது நேரம் நில்லாது ஒழுகும், அச்சம் வேண்டா.

இனி, இப்பிரயாணத்தில் நான் செய்த பிழையைக் கூறவேண்டும். பறவைகளை அருகில் அழைக்கக் கைப்பேசியிற் பதிவான குரலை ஒலிக்கச் செய்வது இக்காலத்துச் சிலர் வழக்கம். முதல் நாளே நானும் அதை எடுத்தேன். பெரியவர் கையமர்த்தினார். தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்ததாக எண்ணி அப்பறவை இரையையும் குஞ்சையும் விட்டுச் சண்டைக்கு வரும். வந்து பார்த்தால் ஒருவருமில்லை. "அதை ஏன் ஏமாற்றவேண்டும்?" என்றார். கைப்பேசியைப் பையிலிட்டேன். அத்தோடு திருந்தியிருந்தால் நன்று.

இரண்டாம் நாள் காலை, பெரிய இருவாச்சியின் கூட்டைக் காட்ட அழைத்துச் சென்றார். அலகின்மேல் மற்றோர் அலகு கவிழ்த்தாற்போன்ற மஞ்சட் கொண்டை உடையது இது. நீளம் ஏறத்தாழ மூன்றரை அடி. மலையாளத்தார் இதனை மலமுழக்கி என்பர். மலையை முழக்குவது என்று பொருள். பறக்கும்போது இறகினூடே காற்றுப் புகுந்தெழும் ஓசை, நீராவி ரயிற்பொறி புறப்படும் ஓசையை ஒக்கும். இதன் இல்வாழ்க்கை வியப்புடையது. தானே மரத்தைக் குடைய இதனால் இயலாது. ஆதலின் முதிர்ந்த பெருமரத்தில் இயற்கையாய் அமைந்த பொந்தையே நாடும். பெண்பறவை உள்ளே புகுந்து, தன் எச்சத்தையும் உணவின் மிச்சத்தையும் கொண்டு வாயிலைப் பூசி அடைத்து, அலகு நீட்டுமளவு ஒரு கீற்று மட்டும் விடும். உள்ளே இருந்துகொண்டே முட்டையிட்டு அடைகாக்கும். பறக்கும் இறகுகளையும் அங்கேயே உதிர்த்துவிடும். முட்டை பொரிக்க ஏறத்தாழ 40 நாள். குஞ்சு பொரித்துச் சில வாரம் செல்லும் வரையில் அவளுக்கு உணவு, ஆண்பறவை கொணர்ந்து அக்கீற்றின் வழியே ஊட்டுவது ஒன்றே. ஆனைமலையில் இப்பறவையின் இனப்பெருக்கத்தை ரகுபதி கண்ணன் என்பவர் ஆராய்ந்து 1997இல் ஜேம்ஸ் என்பவரோடு வெளியிட்ட கட்டுரையை இத்துறையில் புகுவோர் பயிலுதல் வேண்டும்.

கூட்டு மரத்திலிருந்து நூறு தப்படிக்கு அப்பால், பலகை வேரொன்றின் பின்னே எங்களை உட்காரவைத்தார். அங்கிருந்து பொந்தின் கீற்று ஒரு கறுத்த கோடாகத்தான் தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. மாணவர்க்கு நல்ல படம் ஒன்று எடுத்துத் தரவேண்டும் என்பது என் சமாதானம். ஆசைதான் உண்மைக் காரணம். பெரியவர் வேறுபுறம் சென்றிருந்த சமயம் பார்த்து, முப்பது தப்படி முன்னேறி ஒரு மரத்தருகே நின்றுகொண்டேன்.

ரயிற்பொறி ஓசை கேட்டது. ஆண்பறவை வந்து, கூட்டுமரத்தில் இறங்காமல், எதிர்மரத்துக் கிளையில் அமர்ந்தது. தொண்டை பழங்களால் புடைத்திருந்தது. தலையைச் சாய்த்து என்னையே நோக்கியது. நான் அசையவில்லை, அசைந்தால் பறந்துவிடும் என்று எண்ணினேன். நான் நின்றதே தடை என்பது எனக்குத் தோன்றவில்லை. நாற்பது நிமிடம் அது அங்கிருந்தது. இருமுறை பொந்தை நோக்கிக் கிளை மாறிற்று, இருமுறையும் திரும்பிற்று. முடிவில் ஊட்டாமலே பறந்து போயிற்று.

திரும்பி வந்த பெரியவர் கோபிக்கவில்லை. "உள்ளே இருக்கிறவளுக்கு ஒரு வேளைச் சோறு போயிற்று, சார்," என்று மட்டும் சொன்னார். மாணவர் எண்மரும் கேட்டுக்கொண்டிருந்தனர். கற்பிக்கப் போனவனுக்கு அதனினும் பெரிய தண்டனை வேண்டா.

மூன்றாம் நாள் நூற்றைம்பது தப்படிக்கப்பால் அமர்ந்தோம். ஆண்பறவை வந்து, பழங்களை ஒவ்வொன்றாய்த் தொண்டையிலிருந்து மேலே கொணர்ந்து அலகுநுனியில் வைத்துக் கீற்றினுள் நீட்டியது. 23 பழம் எண்ணினோம். பைனாகுலரிற் கண்டது உள்ளிருந்து வந்த அலகின் நுனி மட்டுமே. என்னிடம் அதற்குப் படம் இல்லை.

இப்பறவை உண்ட பழத்தின் விதைகளை நெடுந்தூரம் கொண்டுசென்று உதிர்ப்பதால், பெருங்கனி மரங்கள் பலவற்றிற்கு இதுவே உழவன். மரம் இல்லையேல் பொந்து இல்லை. பொந்து இல்லையேல் இருவாச்சி இல்லை. இருவாச்சி குறையின் அம்மரக்கன்றும் குறையும். இன்று நட்ட கன்று இருவாச்சிக்குப் பொந்து தரப் பல தலைமுறை ஆகும். வால்பாறை மேட்டில் தேயிலைக்காகக் காடு வெட்டப்பட்டபின், எஞ்சிய மழைக்காடு தேயிலைக் கடலின் நடுவே தீவு தீவாய் நிற்கிறது. அத்துண்டுகளிற் சிலவற்றில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சார்ந்த திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோர் தோட்டக்காரரின் ஒத்துழைப்போடு நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து, அழிந்த காட்டை மீட்கும் பணியைப் பல ஆண்டுகளாய்ச் செய்துவருகின்றனர். புதுத்தோட்டம் என்னுமிடத்தில் சாலையைக் கடக்கும் சோலைமந்திகள் வண்டியில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியுள்ளதையும் காணலாம்.

மரங்களுக்கு அடுத்து எனக்குக் கவலை தருவது பெரியவரின் அறிவு. அவர் மகன் பொள்ளாச்சியில் வேலை செய்கிறான். சீகாரப் பூங்குருவியின் குரல் அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "கேட்டிருப்பான், கவனித்திருக்க மாட்டான்," என்றார். கேரளத்து வாழச்சால் காடுகளில் காடர் பலர் இருவாச்சிக் கூடுகளைக் கண்டறிந்து, காவல் செய்து, ஆண்டுதோறும் குறித்துவருகின்றனர். முன்பு குஞ்சுகளை இறைச்சிக்காக எடுத்தவரும் இன்று அக்காவலில் உள்ளனர். கூடு எங்கே என்று அறிந்தவர்கள் அவர்களே. ஆகவே காக்கத் தகுந்தவர்களும் அவர்களே. அவ்வறிவுக்குக் கூலியும் மதிப்பும் கிடைக்கும் இடத்தில் அது அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பது என் துணிபு.

செல்ல எண்ணும் மாணவர் அனுமதியின்றிக் காட்டில் கால்வைத்தல் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் பலர் காட்டுத்தீயில் மாண்டனர். அதனை மறத்தலாகாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்ற வழிகளைத் திறந்து, மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாய் அமர்த்தியது; அம்முறையிற் செல்லுதல் தக்கது. காலை ஆறு மணி முதல் ஒன்பது வரையே சிறந்த நேரம். இரண்டு மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடப்பவன் பறவை காண வந்தவன் அல்லன். வெள்ளாடை வேண்டா. குறிப்பேட்டில் பெயர் எழுதுமுன் குரலை எழுதுக, பின் அடுக்கை, பின் மரத்தை. பெயரைப் பெரியவர் எவரேனும் சொல்லும்போது நூலிலுள்ள பெயரோடு அவர் வழங்கும் பெயரையும் சேர்த்து எழுதுக.

ஊர் திரும்பி எட்டுத் திங்கள் சென்றபின், ஐப்பசியில் ஒரு மாலை, முடிச்சூரில் என் வீட்டுக் கொல்லையிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்டது. மணி ஆறு. ஆறுமணிக்குருவி இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருங் காலம் அது. பைனாகுலரை எடுக்க உள்ளே போகத் திரும்பியவன், போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்தேன். அண்டை வீட்டுச் சிறுவன் மதிற்சுவரில் ஏறி, "எங்கே சார் இருக்கிறது?" என்றான். சுவரிலிருந்து இறங்கி என்னருகே உட்காரச் சொன்னேன். இருட்டும் வரையில் அது மேலும் நான்கு முறை கூவிற்று.